சங்கு அக்காவின் ஸ்தோத்திரங்கள்

சுரங்கத்தை மூடியதோடு கோலார் தங்கவயலில் சங்கு ஊதுவதும் நின்றுவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் எழுதுகிறார்கள். தவறு. ஊரிகத்தில், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, அது இன்றைக்கும் ஊதிக்கொண்டிருக்கிறது. முன்பு ஷிப்டு மாறும்போது மட்டும் ஊதும். இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதன் பெயர் சங்கு அக்கா.

அக்கா சுரங்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். பூமிக்கு அடியில், கீழ் லெவலில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அந்தக் குரல் கம்பி வழியாக வருகிறதா, பாறை வழியாக வருகிறதா என்று கீழே இருந்தவர்கள் பந்தயம் கட்டுவார்களாம். வயதில் என்னைவிடச் சின்னவர். ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்கிறேன். அவருக்கு நான் சார்.

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணமும் கட்டளைகளும் படித்து, பேராயர் தலையில் கை வைத்து ஜெபிக்க, முதன்முதலாகத் திருவிருந்தில் சேருவதற்கான வகுப்பு. தகுதியில்லாதவர்களை வடிகட்டுவதே என் ஊழியம் என்று நம்பியிருந்தேன். வடிகட்டியில் தங்கியதையெல்லாம் அக்கா தம் வாலிபர் ஐக்கியத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்.

அவர் ஜெபிக்கும் முறையே தனி. மற்றவர்கள், “ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் குறையை நீக்கும்” என்பார்கள். அக்கா அந்தக் குறைக்கு நன்றி சொல்வார். அதுவும் ராபர்ட்சன்பேட்டை பஸ் நிலையத்தில், பையனின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

“ஆண்டவரே! இந்த ஸ்டீபனுக்கு எங்க குந்த வெச்சாலும் தூங்கற வரத்தைக் குடுத்தீங்களே, ஸ்தோத்திரம்! இத்த வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க!”

இரண்டு கண்டக்டர்கள் “ஆமென்” என்றார்கள்.

ஸ்டீபன் என் வகுப்புகளிலெல்லாம் குறட்டை விட்டவன். அவனைத் துணைக்கு ஆளில்லாத நோயாளிகளோடு ஆஸ்பத்திரியில் தங்க அனுப்பினார் அக்கா. “தூக்கம் வராதவன் அந்த பெஞ்சுல ஒரு ராத்திரி தாங்குவானா சார்? இவன் ஒரு வாரம் தாங்குவான்!” தாங்கினான். அங்கேயே மனம் ஒட்டிப்போய் இப்போது பெங்களூரில் நர்சிங் படிக்கிறான். தூங்கத்தான் நேரமில்லையாம்.

பிரீத்தி என்று ஒரு பெண். சண்டைக்காரி. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் தாமாக நகரும். அவள் வாய்க்கு நன்றி சொல்லிவிட்டு, கன்னடம் தெரியாத விதவைகளோடு பென்ஷன் அலுவலகத்துக்கு அனுப்பினார். பிரீத்தி கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் சூடேறி, தமிழில் முடிப்பாள். அதற்குள் கையெழுத்து விழுந்துவிடும். சட்டம் படிக்கப் போகிறேன் என்று இப்போது தன் அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். ரகசியம் தங்காத பிரகாஷைப் பிடித்து, ஆராதனையில் அறிவிப்பு வாசிக்க விட்டார். அவன் ஒரு நிச்சயதார்த்தத்தை அறிவித்தான். பெண் வீட்டார் சம்மதிக்கவே இல்லை. அன்று காலைதான் பேச்சே தொடங்கியிருந்தது. சபையின் சேகரக் கமிட்டியில் அக்காவின் மீது புகார் சொன்னவன் நான். “இது பிரகாஷ் மேல தப்பில்ல, என் மேல. ஆண்டவர் வேற எதுவோ சொல்லியிருக்காரு, எனக்குச் சரியா கேக்கல” என்றார் அக்கா. அந்தத் தொண்டை ஊதிக்கொண்டிருக்கும்போது வேறு குரல் எப்படிக் காதில் விழும் என்று நான் சொன்னேன். கமிட்டி சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

அன்றைக்கு வெளியே வரும்போது கேட்டேன், குறைக்குப் போய் ஏன் நன்றி என்று.

“குறையே இல்லாத புள்ள, பிடி இல்லாத கதவு மாதிரி சார். ஆண்டவர் எதைப் புடிச்சித் தொறப்பாரு?”

எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

பிறகு ஆல்வின் விவகாரம் வந்தது. என் வகுப்புப் பையன் ஆல்வினிடம் பிறர் குரல்கள் எல்லாம் இருந்தன. ஒருநாள் காலை ரயில் நிலையத்தில், “பிரயாணிகர கமனக்கெ” என்று கன்னடத்தில் தொடங்கி மூன்று மொழியிலும் பெங்களூர் வண்டி ரத்து என்று அறிவித்தான். இரண்டு பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் வகுப்புக்குத் தாமதமாக வந்தேன். உள்ளே நான் ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

“க்ஹும்! பத்தாம் கட்டளை. பிறத்தியார் பொருள்மேல் ஆசை வைக்கக் கூடாது. செல்போனும் பொருள்தான். ஆம் ஐ கிளியர்?”

என் செருமல், என் இழுப்பு, என் ஆங்கிலம். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தப் பக்கம் போன எங்கள் ஆயர், உள்ளே பார்க்காமலே, “சார், முடிச்சிட்டு என்னை வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். எதிரே நான் நின்றிருந்தேன்.

அத்தனை பேர் முன்னால் ஆல்வினின் பெயரை அந்த வருடத் திடப்படுத்தலிலிருந்து அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “எல்லாம் அடுத்தவன் குரல். உனக்கென்று சொந்தமாகக் கடவுள் ஒன்றுமே கொடுக்கவில்லையா?” என்றும் கேட்டேன். ஒரு பதினாறு வயதுப் பையனிடம் இதைக் கேட்டவன், படித்தவன், நான்.

ஆல்வின் வாயை மூடிக்கொண்டான். யார் குரலும் வரவில்லை. அவன் குரலும் வரவில்லை. கோயிலுக்கு வருவதையும் விட்டான். பேராயர் வர மூன்று வாரம் இருந்தது.

அக்கா என் வீட்டு கேட்டில் வந்து நின்றார்.

“சார்! அவன் பேரை எழுதறீங்களா இல்லியா?”

“ஒழுக்கம் என்று ஒன்று இருக்கிறது அக்கா.”

“அவன் இன்னா திருடிட்டானா? உங்க குரலை எடுத்தான். திருப்பிக் குடுத்துட்டான் இல்ல?”

“இது விளையாட்டில்லை.”

“எனக்கும் இல்ல. ‘எனக்குன்னு ஒண்ணும் இல்ல அக்கா, சார் சொன்னது கரெக்ட்டு, ஆண்டவருக்கு நான் இன்னாத்துக்கு’ன்றான். யாக்கோபு அண்ணன் மாதிரி வேஷம் போட்டு அப்பனையே ஏமாத்துனான். அவனுக்கு ஆசீர்வாதம் கெடச்சுதா இல்லியா?”

“யாக்கோபு குரலை மாற்றவில்லை. கையில் தோலைத்தான் கட்டிக்கொண்டான்.”

“அப்ப நம்ம பையன் யாக்கோபைவிடக் கெட்டிக்காரன்!”

நான் கதவைச் சாத்தப் போனேன். அக்கா அங்கேயே கண்ணை மூடினார். தெருவில் சைக்கிள்கள் நின்றன.

“ஆண்டவரே, இந்த சாருக்கு மன்னிக்கவே வரல. அதுக்கும் ஸ்தோத்திரம். இத்த எங்க யூஸ் பண்றதுன்னு எனக்கு ஒண்ணியும் புரியல. நீங்களே பாத்துக்குங்க.”

வீட்டுக்குள் படுத்திருந்தவள் என் மனைவி எஸ்தர். பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஓரிரு சொல்தான் பேசுவாள். பெரும்பாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சிரித்து நான் பார்க்கவில்லை. என்னோடு எவ்வளவு சண்டை இருந்தாலும், புதன்கிழமை மதியம் அக்கா வந்து அவளுக்குத் தலை வாரிவிட்டுப் போவார். அந்த நேரத்தில் நான் மருந்து வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்விடுவேன்.

அந்தப் புதன்கிழமை மருந்தோடு திரும்பியபோது, வீட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

“க்ஹும்! எஸ்தர், இந்தக் காப்பியில் சர்க்கரை போட்டாயா, இல்லை, போடலாமா என்று யோசித்தாயா? ஆம் ஐ கிளியர்? என் குடை எங்கே? இந்த வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருக்கிறதா?”

குடை என் கையில் இருந்தது.

நான் வீட்டில் பேசுவது நாலு வீட்டுக்கும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா எல்லாவற்றையும் ஆல்வினுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கோபம் தலைக்கேறி வாசற்படியில் கால் வைத்தேன். அப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. எஸ்தர் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணியதால் சிரிப்பும் கோணலாகத்தான் வந்தது. ஆனால் அது அவள் சிரிப்பு.

பிறகு என் குரல் தணிந்தது. அவ்வளவு தணிந்து என் குரலை நான் கேட்டதே இல்லை.

“எஸ்தர், உன்னை ரொம்பத் திட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.”

“சரி” என்றாள் எஸ்தர்.

“ஆயா, இது சார் சொன்னது இல்ல,” என்றது ஒரு மெல்லிய, உடைந்த குரல். அது ஆல்வினின் சொந்தக் குரல் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. “இது மட்டும் நானே போட்டுக்கினது.”

இல்லறத்தில் இத்தனை வருடமாக நான் சொல்லாத ஒரு வாக்கியத்தை அந்தப் பையன் எனக்காக யோசித்து, என் குரலிலேயே சொல்லியிருக்கிறான். இவனிடம்தான் சொந்தமாக ஒன்றுமில்லையா என்று கேட்டேன்.

உள்ளே போனேன். ஆல்வின் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். அக்கா சீப்பைக் கையில் பிடித்தபடி எழுந்து வழிவிட்டார். நான் கட்டிலருகே நின்று, “எஸ்தர், நான் உன்னை…” என்று தொடங்கினேன். மிச்சத்தைச் சொல்லி முடிக்க வெகுநேரமானது. எஸ்தர் என்னைப் பார்த்தாள். பிறகு ஆல்வினைப் பார்த்தாள்.

“அவன்… நல்லா… சொன்னான்,” என்றாள்.

சனிக்கிழமை ஆல்வினின் வீட்டுக்குப் போய் அவனை வகுப்புக்கு அழைத்து வந்தேன். எந்தப் பிள்ளைகள் முன்னால் கேட்டேனோ அவர்கள் முன்னாலேயே, “நான் சொன்னது தவறு. கடவுள் உனக்குக் கொடுத்திருப்பது என்னவென்று என் காதாலேயே கேட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு” என்றேன்.

ஆல்வின் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். டோன் சரியா புடிக்க முடியல.”

சொன்னேன். வகுப்பே பெஞ்சைத் தட்டியது.

பேராயர் வந்த ஞாயிறு, “விசுவாசிக்கிறாயா?” என்ற கேள்விக்கு, ஆல்வின் அந்த மெல்லிய, உடைந்த குரலிலேயே, “விசுவாசிக்கிறேன்” என்றான். அந்தக் குரல் யாருடையது என்று பின்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது அவன் காலை வண்டியில் பெங்களூர் கல்லூரிக்குப் போகிறான். விடுமுறையில் நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப் போகிறான். பேச்சு இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் படிப்பு ஒன்று இருக்கிறதாம். அதில் சேர வேண்டும், ஆண்டவர் இதற்குத்தான் தன்னை வைத்திருக்கிறார் என்கிறான். நான் ஒன்றும் வடிகட்டவில்லை.

கல்லூரி இல்லாத புதன்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கும் வருகிறான். போன வாரமும் வந்து, எஸ்தரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனான். அவள் அசந்து தூங்கிவிட்டாள். அக்கா எழுந்து செருப்பை மாட்டினார்.

“டீ போடுகிறேன், உட்காருங்கள் அக்கா.”

“வாணாம் சார். நான் வாயைத் தொறந்தா எஸ்தரம்மா முழிச்சிக்கும்.”

“முழித்துக்கொள்ளட்டும் அக்கா,” என்றேன். “நீங்கள் பேசுங்கள்.”