தானாக நிற்கும் மோட்டார்

"இன்னா தம்பி, கடலையே தூக்கியாந்து எங்க தகரத்து மேல கவுக்கிறியா?"

கலைவாணன் வாயில் பிரஷ்ஷோடு ஓடிப்போய் மோட்டாரை அணைத்தான். மொட்டைமாடி டேங்கிலிருந்து வழிந்த தண்ணீர், பக்கத்து வீட்டு ஜெனிட்டாவின் சமையலறைத் தகரத்தில் இன்னும் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது.

"மறந்துட்டேன்க்கா."

"நெம்மேலில கடல்தண்ணிய குடிதண்ணி ஆக்குற வேல. இங்க குடிதண்ணிய சாக்கடை ஆக்கினுகீற. இன்னா படிப்புப்பா இது?"

"நாளைலேருந்து வழியாதுக்கா."

"நேத்தும் இதையேதான் சொன்ன. இன்னொரு தபா கொட்டட்டும், ஓனருக்கு போனப் போட்டு வூட்டக் காலி பண்ண வெக்கிறேன்."

மதிலுக்கு மேல் தெரிந்த தலை மறைந்தது.

மோட்டாரைப் போடுவது அவன் வேலை, அணைப்பது கவியாவின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். டேங்க் நிறைவது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். போன மழைக்காலத்தில் கவியா இறந்துபோனாள். அவன் இன்னும் காலையில் எழுந்து மோட்டாரைப் போடுகிறான். அணைக்க ஆளில்லை என்பது தகரம் சத்தம் போட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

திருவிடந்தையில் வாடகைக்கு வேறு வீடு கிடைக்காமல் இல்லை. ஆனால் அதில் எதிலும் கவியா இருந்ததில்லை.

அன்று வேலை விட்டு வந்ததும் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினான். பழைய ரேடியோவிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர், ஓடாத அலாரம் கடிகாரத்திலிருந்து பஸ்ஸர், ஒரு செல்போன் சார்ஜர். இரண்டு செம்புக் கம்பிகளை டேங்கின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டான். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால் பஸ்ஸர் கத்தும்.

காலையில் கத்தத்தான் செய்தது. கொசு பாடுவதுபோல. கீழே அவன் காதுக்கு எட்டியது தகரத்தின் சத்தம்தான்.

"மறுபடியும் மறந்துட்டியா?"

"இல்லக்கா, அலாரம் வெச்சேன். கேக்கல."

"நான் ஒருத்தி கீறப்போ உனக்கு இன்னாத்துக்கு அலாரம்?"

சத்தம் போதவில்லை, அவ்வளவுதான். பழைய இரும்புக் கடையிலிருந்து காரின் ரிவர்ஸ் ஹாரன் ஒன்றைப் பிடித்து வந்து மாட்டினான். சார்ஜருக்குப் பதில் பழைய மோடத்தின் அடாப்டர்.

கடற்காற்றை மறந்துவிட்டான். உப்பு ஈரம் கம்பிகளில் படிந்து, தண்ணீர் தொடாமலே இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவே சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் ஹாரன் அலறியது. நடந்து போனவர்கள் வண்டி வருகிறதென்று சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். ஜெனிட்டாவின் கணவர் ஜெரோம் லுங்கியோடு ஓடிவந்து, தன் ஷேர் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் விட்டார். எந்த வண்டியும் வரவில்லை.

"எவன்டா அவன், இம்மா நேரமா ரிவர்ஸ்லயே வந்துகினுகீறான்?"

"வண்டி இல்ல அண்ணாத்த. எங்க டேங்க்."

ஜெரோம் அண்ணாந்து டேங்கைப் பார்த்தார். "அது இன்னாத்துக்கு ரிவர்ஸ்ல போவுது?"

உப்புக்கு அசையாதது எவர்சில்வர். கல்யாணத்துக்கு வந்த ஆறு ஸ்பூன்கள் அலமாரியில் இருந்தன. அடுத்த சனிக்கிழமை எடுத்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒருவனுக்கு எதற்கு ஆறு? மூன்றை டேங்குக்குள் இறக்கினான். அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. பழுதான ஸ்டெபிலைசரிலிருந்து கழற்றிய ரிலே சுவிட்சை மோட்டாரோடு சேர்த்தான். தண்ணீர் நடு ஸ்பூனுக்குக் கீழே இறங்கினால் மோட்டார் தானே ஓடும். மேல் ஸ்பூனைத் தொட்டால் தானே நிற்கும். ஹாரன் இல்லை, சத்தம் இல்லை. போடவும் ஆள் வேண்டாம், அணைக்கவும் ஆள் வேண்டாம்.

மறுநாள் அவனுக்கு வார விடுமுறை. தண்ணீர் வழியவில்லை. தகரம் அதிரவில்லை. யாரும் திட்டவில்லை. எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லாததால் கலைவாணன் தூங்கினான். வெயில் காலில் ஏறும்வரை தூங்கினான். கனவில் யாரோ கதவைத் தட்டினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு தடார் என்றது.

கண் விழித்தபோது கதவின் தாழ்ப்பாள் தரையில் கிடந்தது. ஜாக்கிக் கம்பியோடு ஜெரோம் நின்றார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

அவன் பாயில் எழுந்து உட்கார்ந்தான். "தண்ணி வழியலையேக்கா!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஜெனிட்டா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கையைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"அறிவிருக்கா உனக்கு? அறிவிருக்கா?" நைட்டிமேல் போட்டிருந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"இனிமே வழியவே வழியாதுக்கா. சத்தியமா. எல்லாம் ஆட்டோமேட்டிக். ஓனருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஜெரோம் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொதல்ல அந்தக் கருமத்தக் கழட்டு தம்பி. உன் தண்ணி தகரத்துல வுழுந்து, நீ எழுந்துட்டன்னு தெரிஞ்சாத்தான் இவ எனக்கு டீயே போடுவா."