அப்பாவுக்குத் தெரியாத பையன்

இதை எழுத வேண்டுமென்று நினைத்து நினைத்தே பல வருஷம் ஓட்டிவிட்டேன். அப்பா இருந்தவரை மனசு வரவில்லை. அவர் போன பிறகு, கல்லறையில் இருப்பவரைப் பற்றி எழுதலாமா என்று பயம். போன வாரம் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "பொய் கலக்காம எழுதுங்க" என்றார். கலக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினான்கு வயது. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் நான் வந்தால் சைக்கிள்காரர்கள் இறங்கி வழிவிடுவார்கள். (அவ்வளவு மரியாதை!) பூசையில் முழந்தாளிட்டால் எழுப்பிவிடத் தங்கை ஸ்தெல்லா வேண்டும். மாடிப்படி ஏறினால் நெஞ்சில் விசில் அடிக்கும்.

ஆஸ்பத்திரி டாக்டர் அப்பாவிடம் சொன்னார்: "தினம் ஓடச் சொல்லுங்க. எடை குறையுதோ இல்லையோ, மூச்சுக்கும் ரத்தத்துக்கும் நல்லது." அப்பா காதில் விழுந்தது எடை மட்டும்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நான் முன்னால் ஓட, அவர் பின்னால் சைக்கிளில். ஒரு கையில் மடக்கிய குடை. சுணங்கினால் முதுகில் ஒரு குத்து.

"ஓடுடா! எருமகூட உன்னவுட ஜோரா ஓடும்!"

எடை குறையவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் விசில் நின்றது. வகுப்பில் தூங்கி விழுவது போயிற்று. முழந்தாளிலிருந்து நானே எழுந்தேன். (ஸ்தெல்லாவுக்கு வேலை போயிற்று.) ராத்திரி ஜெபத்தில் மாதாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இந்த ஓட்டம் நிற்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையில் நல்ல கூட்டம். முன்னால் ஒருவன் இரைக்க இரைக்க ஓடுகிறான்; பின்னால் ஒருவர் குடையை ஓங்கிக் கத்திக்கொண்டே துரத்துகிறார். அந்தக் காலத்தில் உடம்புக்காக யார் ஓடினார்கள்? திருடன்தான் ஓடுவான். நாலு பேர் பாய்ந்து என்னை அமுக்கினார்கள். கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"என்னாத்தடா திருடுன?"

மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. அப்பாவைக் கைகாட்டினேன்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். அப்பா தறி ஓட்டிய மில்லின் மேஸ்திரி. "இன்னாய்யா, இது உம் பையனா?"

தன் மகன் பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் ஆடுகிறான் என்று அப்பா மில் முழுக்க அளந்துவைத்திருந்தார். என் தொப்பையைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார்.

"எம் பையனா? இவன் யார்னே தெரியாது மேஸ்திரி."

சேசுநாதரைத் தெரியாதென்று அவர் சீடர் இராயப்பர் மூன்று தடவை மறுதலித்தார், சேவல் கூவியது. அப்பா ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார். அந்த மட்டில் இவர் தேவலை.

என்னை மீட்டது வீராம்பட்டினத்து மீன்காரம்மா ஒருத்தி. "வுடுங்கய்யா! இம்மாம் ஒடம்ப வச்சிக்கினு எவனாச்சும் திருட வருவானா? டவுசர்ல பாக்கெட்டுகூட இல்ல!"

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

வீடு திரும்பும் வழியில் ரொட்டிக்கடையில் நின்று, சுடச்சுட நீள ரொட்டி வாங்கி என் கையில் திணித்தார். மன்னிப்பு அவருக்கு அந்த உருவத்தில்தான் வந்தது. "நாளைலேர்ந்து ஓட வேணாம்" என்றார். அதன்பின் ஞாயிறுதோறும் ரொட்டியும் கறியும். நானும் தின்றேன். விசில் திரும்பி வந்தது. இன்று சர்க்கரை, மூட்டுவலி. பெஞ்சில் உட்கார்ந்தே பூசை பார்க்கிறேன்.

நடந்ததை அன்றே ஸ்தெல்லாவிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தேன். வீட்டில் யாராவது யாரையாவது தெரியாததுபோல் நடித்தால் அவள் "கொக்கரக்கோ" என்பாள். இன்றும் என்கிறாள். அப்பா இருந்தபோது அவர் முன்னாலேயே கூவுவாள். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸம்மா என்னைக் காட்டி, "இவரு யாரு தாத்தா?" என்று கேட்டாள். ஸ்தெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார்.

"எம் மவன். ஃபுட்பால் ஆடுவான்."

ஸ்தெல்லா கூவவில்லை.

உங்கள் வீட்டில் குண்டாக ஒரு பிள்ளை இருந்தால் ஓட விடுங்கள். தராசைப் பார்க்காதீர்கள், மூச்சைக் கேளுங்கள். யாராவது கேட்டால், என் பிள்ளை என்று சொல்லுங்கள். இதை நாலு பேருக்குச் சொல்வதானால் எழுதியபடியே சொல்லுங்கள். அப்பாவை நல்லவராக்க வேண்டாம். என்னை ஒல்லியாக்கவும் வேண்டாம்.