பக்தவத்சலத்தின் கண்டன அறிக்கை

ஊடகத்தைத் திருத்துவது என்று பக்தவத்சலம் முடிவு செய்தார். ஆனால் யாரும் தம்மைத் தப்பாக நினைக்காமல் திருத்த வேண்டும். அங்கேதான் சிக்கல்.

சேக்காட்டில் அவர் குடியிருந்த அடுக்குமாடியின் படிகளைப் பெருக்குகிறவள் பூங்காவனம். அவள் மகன் அருள் பட்டாபிராமில் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான். வேலைக்குப் போகிற அவசரம். ஆஸ்பத்திரி வாசலில் அவள் புரண்டு அழுததை ஒரு யூடியூப் செய்திச் சேனல் முழுசாகப் போட்டது. மேலே தலைப்பு: 'காதல் தோல்வியா? கஞ்சா போதையா?' இரண்டும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் தண்ணி பிடிக்க வெளியே வந்தால், பையன் என்ன போதை போட்டிருந்தான் என்று சனங்கள் கேட்டார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

மைக்கை நீட்டியவன் மூன்றாம் மாடி முகமது இஸ்மாயில். தங்கமான பையன். கண்டித்தால், முஸ்லிம் என்பதால் கண்டிக்கிறார் என்று நாலு பேர் நினைப்பார்கள். அதைவிட மோசம், அதற்காகவே கண்டிக்கிற இன்னொரு நாலு பேர் வந்து கை குலுக்குவார்கள்.

யோசித்து யோசித்து, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு கண்டன அறிக்கை எழுதினார். மனைவி ராணியிடம் படித்துக் காட்டினார். எம்மதமும் தமக்குச் சம்மதம். ரம்ஜான் பிரியாணியை ஒருபோதும் மறுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயர் அப்துல். பிறகு ஊடக அறம் பற்றி ஒரு பாரா.

"பூங்காவனம் எப்போ வருவா?" என்றாள் ராணி.

"கடைசி வரியில."

"இது கண்டனமா, கல்யாண வாழ்த்தா? ஊடகம் ஊடகம்ங்கிறியே, அவ ஊட்டுப் பக்கம் போனியா நீ?"

அவர் குரலைத் தாழ்த்தித் தம் திட்டத்தைச் சொன்னார். ராணியின் போனிலிருந்து, அவள் பெயரில் அனுப்பிவிடலாம். பொம்பளை சொன்னால் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். ராணி மறுபேச்சில்லாமல் போனைத் தட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அவள் தம் பேச்சைக் கேட்டதில் அவர் நெஞ்சு நிமிர்ந்தது. அது இறங்குவதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் இஸ்மாயில்.

"சார் ஏதோ பேசணும்னு மெசேஜ் போட்டீங்களே அக்கா."

பக்தவத்சலம் வெயிலைப் பற்றிப் பேசினார். அப்புறம் பிரியாணியைப் பாராட்டினார். ராணி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஆரம்பித்தாள்.

"புள்ளயப் பறிகொடுத்தவ மூஞ்சில மைக்க நீட்டுன. போதைன்னு போட்டியே, நீ பார்த்தியா? யாரு சொன்னா? அவ இப்ப வெளில தல காட்ட முடியாம கீறா."

தலைப்பு வைத்தது ஆபீஸ் என்று தொடங்கிய இஸ்மாயில் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"படம் புடிச்சது நான்தானே அக்கா" என்றான்.

வீடியோவை நீக்க வைப்பதாகவும், அதே சேனலில் தப்பை ஒத்துக்கொள்வதாகவும் சொன்னான். முதலில் பூங்காவனத்தைப் பார்க்க வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றான். ராணி செருப்பை மாட்டினாள்.

கிளம்பும்போது அவன் பக்தவத்சலத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"வீடியோதானா சார் விஷயம்? கொஞ்ச நாளா என்னைக் கண்டா லிஃப்ட்ல ஏறாம படியில போயிட்டிருந்தீங்க. நான் முஸ்லிம்ங்கிறதாலன்னு நெனச்சுட்டேன்."