மாடி மட்டும் போதும்

பசியோடு இருப்பவனிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் வயிறுதான் பதில் சொல்லும். அந்தச் சனியனுக்கு ஊர் வழக்கமும் தெரியாது, உறவுமுறையும் தெரியாது. என் வயிறு என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது, ஜெர்மன் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின கோடையில்.

அப்போது நான் சென்னையில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜில் கட்ட வேண்டிய சம்பளத்துக்கே அப்பா வயலை ஒற்றி வைத்திருந்தார். நான் குடியிருந்த அறையில் நாலு பேர் படுத்தால் ஐந்தாமவன் நிற்க வேண்டும். (ஐந்தாமவன் பெரும்பாலும் நான்தான்.) சாப்பாட்டுக் கிளப்பில் ஊற்றிய குழம்பில் பருப்பைத் தேடக் காலேஜ் பூதக்கண்ணாடி வேண்டும். ராத்திரி கண்ணை மூடினால் தாமிரபரணிதான் ஓடும். அதில் முங்கி எழுந்து, அக்கா கல்யாணத்தில் சாப்பிட்ட மாதிரி ஒரு சொதி சாப்பிட மாட்டோமா என்று ஏங்கி ஏங்கியே, எலும்புப் பாடத்துக்கு என்னையே நிறுத்திவைக்கலாம் என்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

வேறு இடம் கிடைக்காவிட்டால் படிப்புக்கு முழுக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் இருந்த தூரத்து மாமா ஒருவருக்குச் சென்னையிலும் ஒரு வீடு உண்டு. அதன் மாடி சும்மா கிடந்தது. விடுமுறையில் அதைக் கேட்கப் போனேன். மாமாவுக்கோ வேறு கவலை. மகள் சிவகாமிக்குப் பதினெட்டு முடிந்தும் வரன் அமையவில்லை.

"ஏலே, வா, இங்கன உக்காரு" என்றார் மாமா.

"மத்தியானத்துக்கு என்னலே வைக்கட்டும்?" என்றாள் அத்தை.

"சொதி வைங்க அத்தை. ஒரு வருசமா அதுக்குத்தான் காத்துக் கெடக்கேன்."

அத்தை கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. சொதி என்பது எங்கள் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்துக் குழம்பு. பெண் இருக்கிற வீட்டில் ஒரு வாலிபன் அதை வாய்விட்டுக் கேட்டால் என்ன அர்த்தம்? எனக்குத் தேங்காய்ப்பால், முருங்கைக்காய், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் என்று அர்த்தம். அவர்களுக்கு அப்படியில்லை.

இலையில் உட்கார்ந்தபோது 'லே' காணாமல் போயிருந்தது. "மாப்பிள்ளை, பைய சாப்பிடுங்க" என்றார் மாமா. (வைத்தியப் படிப்புக்கு என்ன மரியாதை என்று பூரித்துப்போனேன், மடையன்.) பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் வந்து உட்கார்ந்தார். பரிமாறியது சிவகாமி.

"மெட்ராஸ் மாடி இனிமே ஒங்களுக்குத்தான். தை மாசம் வச்சுக்கிடுவோமா?" என்றார் மாமா.

குடிபோக நாள் பார்க்கிறார் என்று நினைத்தேன். "தை வரைக்கும் தாங்காது மாமா. ஆனிக்குள்ள முடிச்சிருங்க."

"அவசரத்தைப் பாரும்வே!" என்று அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார்.

அத்தை வெற்றிலைத் தட்டோடு வந்து, "ஒங்க அப்பாவுக்கு ஆள் அனுப்பியாச்சு. வந்ததும் நிச்சயம் பண்ணிருவோம்" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. சொதிக் கையோடு துள்ளி எழுந்தேன்.

"ஐயையோ மாமா, எனக்குப் பொண்ணு வேண்டாம்! மாடி மட்டும் போதும்!"

சிவகாமி கரண்டியோடு நின்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உக்காருங்க. வேண்டாதது பொண்ணுதானே, சொதி இல்லையே" என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினாள். குரல் லேசாக நடுங்கியது. அந்தக் கரண்டியில் விழுந்தவன்தான் நான். "பொண்ணும் வேணும்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் நிறையச் சோறு இருந்தது.

மாமா பெரிய மனுஷர். "சாவிய வாங்கிட்டுப் போலே" என்று மாடியைக் கொடுத்துவிட்டார். கடற்காற்று வருகிற, விசாலமான மாடி. அங்கே நான் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கியதில்லை. அடுத்த விடுமுறையில் எப்படியும் பெண் கேட்டுவிடுவது என்று சுவரைப் பார்த்து ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் தையிலேயே அவளைத் திசையன்விளை வியாபாரி ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் சொதி பிரமாதம் என்று, போய் வந்த அப்பா சொன்னார்.

நான் டாக்டராகி, எனக்கும் கல்யாணமாகி, பல வருஷம் கழித்து ஆழ்வார்திருநகரியில் ஒரு விசேஷ வீட்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளை.

"மாடி வசதியா இருந்துதா?" என்று கேட்டாள்.

"ஒத்தையா இருக்கதுக்கு ரொம்பப் பெரிசு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவிதான் விழுந்து விழுந்து சிரித்தாள். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'மாடி மாப்பிள்ளை'. கதை அவளுக்குத் தெரியாதா என்ன? பின்னால் நாங்கள் வீடு கட்டும்போது, "மாடி எடுக்கலாமாய்யா?" என்று கொத்தனார் என்னைத்தான் கேட்டார். அவள் முந்திக்கொண்டாள்.

"கூடவே கூடாது. இவுகளுக்கு மாடி கெடச்சா பொண்டாட்டி வேண்டாம்பாக."

எங்கள் தெருவில் மாடி இல்லாத வீடு இன்றைக்கும் எங்களுடையது ஒன்றுதான்.