அண்ணன் மகள் ஆல்பத்துக்கு நான் கட்டிய ரேடியோ செட்டு

பாட்டு எப்படி இருக்கு என்று எங்கள் பக்கத்து ஆட்களிடம் மட்டும் கேட்கவே கூடாது. காரச்சேவு எப்படி என்று கேளுங்கள், அருப்புக்கோட்டையில் எந்தக் கடையில் காரம் தூக்கல், எந்தக் கடையில் எண்ணெய் சரியில்லை என்று அரை மணி நேரம் பேசுவார்கள். பாட்டைப் பற்றிக் கேட்டால் "எந்தப் படம்?" என்பதோடு சரி. படம் இல்லைங்க, தனிப்பாட்டு என்றால் நம்மைப் பாவமாக ஒரு பார்வை பார்ப்பார்கள். இந்த ஞானம் எனக்கு வருவதற்குள் எங்கள் அண்ணனுக்கு ஊரே கூடி ஒப்பாரி வைத்துவிட்டது. (அண்ணன் இன்றைக்கும் நல்லாத்தான் இருக்கிறார், பதறாதீர்கள்.)

அண்ணன் மகள் தாரணி சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு முதல் ஆல்பம் போட்டாள். எட்டுப் பாட்டு. சோல் பாப் என்றாள். மனசுக்குள் கிடப்பதை மூச்சும் முனகலுமாக, அவசரமே இல்லாமல் இழுத்து இழுத்துப் பாடுவது என்று நான் புரிந்துகொண்டேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிரச்சினை அண்ணன்தான். அவருக்குப் பரளச்சியில் மானாவாரி நிலம், மக்காச்சோளமும் பருத்தியும். மகள் பாட்டை ஒருதடவைகூடக் கேட்க மாட்டேன் என்று அடம். சென்னைக்காரர்கள் ஆயிரம் சொல்லட்டும், நம்ம சனத்தில் ஒருத்தராவது கேட்டு மனசைத் தொட்டது என்று சொன்னால் அவள் பாடட்டும், இல்லையென்றால் தைக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று கண்டிஷன் போட்டுவிட்டார். பிள்ளை முகம் சுண்டிப்போனது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அத்தை இருக்கேன்ல, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

முதலில் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். நாலு நிமிஷப் பாட்டுக்கு நாலு நொடியில் கட்டைவிரல் வந்தது. நரிக்குடிச் சித்தப்பா, பாப்பாவுக்குச் சளி பிடிச்சிருக்கா, குரல் கரகரன்னு இருக்கே, துளசி போட்டுக் கொடுங்க என்று எழுதினார். ஒரு மதினி, பாட்டு அருமை, பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கிறீகளா என்று கேட்டார். என் வீட்டுக்காரரோ பாட்டு முடிந்து அடுத்த விளம்பரம் ஓடும்போது, "இது நல்லாருக்கே" என்றார். எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது. ஒரு பிள்ளை உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கிறது, உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இல்லையா?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. போனில் கேட்டால் இவர்களுக்கு ஏறாது. மரத்தில் கொழாய் ஸ்பீக்கர் கட்டிப் போட்டால்தான் நம்ம ஆட்களுக்குப் பாட்டு. தாரணி ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணன் ஆட்டுச் சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்து ஏற்பாடு செய்தேன். அண்ணன் வீட்டுக்கு முன்னால் ஒரு சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வருகிறவர்களுக்குச் சுக்குக் காபி. திருச்சுழியிலிருந்து ரேடியோ செட்டுக்காரர் வந்து வேப்பமரத்தில் கொழாயைக் கட்டினார். என்ன விசேஷம் என்று கேட்டார். விசேஷமெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். வழக்கம்போல முதலில் பிள்ளையார் பாட்டு போடவா என்றார். அதெல்லாம் வேண்டாம், நேராக இதைப் போடுங்கள் என்று தாரணி பாட்டைக் கொடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "சரிங்கம்மா. மனசத் தேத்திக்கோங்க" என்றார். நல்ல மரியாதையான மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் காது குத்தோ கல்யாணமோ, ரேடியோ செட்டு பிள்ளையார் பாட்டில்தான் தொடங்கும். பிள்ளையார் பாட்டு இல்லாமல், காலங்காத்தாலே, ஒரு பெண் குரல் நிதானமாக உருகினால் அது கேத வீடு. சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இது பிறந்த பிள்ளைக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அன்றைக்கு மட்டும் மறந்து தொலைந்துவிட்டது.

முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆண்கள் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு பேச்சு இல்லாமல் கேட்டார்கள். இப்படி ஒரு ரசனையா என்று அசந்துபோனேன். கேத வீட்டுக்கு வந்துவிட்டு யார் செத்தது என்று கேட்பது அசிங்கம் இல்லையா, அதனால் யாரும் யாரையும் கேட்கவில்லை. அண்ணன் வண்டியைக் காணோம், ஆளையும் காணோம், அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். மேலத்தெருப் பெண்கள் கூட்டமாக வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். சோல் பாப் கேட்டுப் பரளச்சி அழுகிறது! நான் அவர்கள் முதுகைத் தடவி, "அழுகாதீக, இன்னும் ஏழு பாட்டு இருக்கு" என்றேன்.

பாவம், கூடப்பிறந்தவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று இன்னும் சத்தமாக அழுதார்கள். அண்ணனிடம் காட்டுவதற்காக நான் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கு என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். "தாங்க முடியலையே தாயி" என்றார். ஆஹா, கருத்து என்றால் இது கருத்து.

அப்போது கீழக்காட்டுக்காரர் மாலையோடு வந்தார். அண்ணனுக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு, வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. பகையாளிகூடப் பாடகிக்கு மாலை கொண்டுவந்துவிட்டாரே என்று எனக்குக் கண் கலங்கியது. தாரணியை வெளியே வரச் சொல்லிக் கத்தினேன். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையை விரித்துப் போட்டபடி அவள் வாசலுக்கு வந்தாள். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் கூட்டம் ஓவென்று கதறியது. கீழக்காட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"அண்ணன எங்க கெடத்தியிருக்கீக?"

எனக்குப் பிள்ளையார் பாட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையிலிருந்து அண்ணன் ஓடி வந்தார். வண்டி இல்லை, வாங்கிய ஆடு இல்லை, ஒரு கால் செருப்பும் இல்லை. வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு, என் பிள்ளைக்கு என்னாச்சு, யாருக்கு என்னாச்சு என்று அழுதுகொண்டே வந்தார். செத்தவர் ஓடி வருவதைப் பார்த்துப் பாதிப் பேர் எழுந்து பின்வாங்கினார்கள். கீழக்காட்டுக்காரர் மட்டும் மாலையோடு நின்று, "ஏலே, நீ சாகலையா?" என்றார்.

செட்டை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அண்ணன் என்னை ஏசியதை இங்கே எழுத முடியாது. உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த தாரணி அம்மா ஒன்றும் தெரியாமல் தட்டு நிறையக் காபியோடு வந்தார்கள். தாரணி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் பாட்டு கேத வீட்டுப் பாட்டாகிவிட்டதே அத்தை, நான் வேலைக்கே போகிறேன் என்றாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. (ஆட்களும் தயாராக வந்திருந்தார்கள்.)

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"இதா உன் பாட்டு?"

"ஆமாப்பா."

"கம்மாக்கரை மேட்டுல வரும்போது கேட்டுச்சு. வார்த்தை ஒண்ணும் வெளங்கல. குரலு மட்டும்தான் வந்துச்சு. வண்டிய ஓட்ட முடியல என்னால. நெஞ்ச அடைச்சிருச்சு."

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அப்படின்னா ஒருத்தருக்கு மனசைத் தொட்டிருச்சு அண்ணே, கண்டிஷன் முடிஞ்சது என்றேன். அவர் முறைத்த முறைப்பில் ரெண்டடி தள்ளி நின்றேன். பிறகு செட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மிச்சப் பாட்டையும் போடுங்க. மொதல்ல பிள்ளையார் பாட்டப் போட்டுட்டுப் போடுங்க."

வந்த கூட்டம் காபியைக் குடித்துக்கொண்டு எட்டுப் பாட்டையும் கேட்டது. மாலை வீணாகக் கூடாது என்று கீழக்காட்டுக்காரர் அதைத் தாரணி கழுத்தில் போட்டார். வரப்புத் தகராறு இன்னும் தீரவில்லை, ஆனால் இப்போது பேசிக்கொண்டே சண்டை போடுகிறார்கள்.

தாரணி வேலைக்குத் திரும்பவில்லை. புதுப் பாட்டு வரும்போதெல்லாம் அண்ணனே சொந்தக்காரர்களுக்கு வரிசையாகப் போன் போடுகிறார். போன வாரம் எனக்கும் வந்தது. ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம். பாப்பா பாட்டு வந்திருக்கு, கேளு."