திராட்சைப் பரீட்சை

உயிரே போனாலும் அம்பாசடரை விற்பதில்லை என்று பாண்டியராஜன் முடிவெடுத்தார். மனைவி ஜோதிலட்சுமியிடம் சொல்லவில்லை. உயிர் போய்விடக்கூடும்.

பழைய மாடல் கார். வாரம் இரண்டு முறை துடைப்பார். ஒரு சாக்கு மூட்டைகூட அதில் ஏறியது கிடையாது. கார் கார்தான், வண்டி வேறு என்பார். ஜோதிலட்சுமிக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. சுருளிப்பட்டியில் அவளுடைய திராட்சைத் தோட்டம் இருந்தது.

"முன்சக்கரம் பள்ளத்துல எறங்குனா கொடலு வாய்க்கு வருது. இதை வித்துட்டு லோடு வண்டி வாங்குவோம். பழத்துக்காச்சும் ஆகும்."

"முன்னாடி ஷாக் அப்சார்பரை மாத்துனா தொட்டில் கணக்காப் போகும், ஜோதி."

"தொட்டில்ல ஆட இங்கன யாரு இருக்கா? சரி, முன்சீட்டுல ஒரு டிரே திராட்சை வப்பேன். கம்பம் போற வரைக்கும் ஒரு பழம் உதிரக் கூடாது. உதிர்ந்துச்சு, காரு வெலைக்கு. செலவுக்கு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

காசு மிச்சம் பிடிக்கப் பாண்டியராஜன் சாயங்காலப் பரோட்டாவை விட்டார். கடைக்காரர் வீட்டுக்கே வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்துப் போனார்.

மெக்கானிக் ஞானசிகாமணி காருக்கு அடியில் படுத்தபடியே பேசினார்.

"ஒங்க கார்ல இருக்கிறது பழைய எண்ணெய் ஷாக்குண்ணே. பின்னாடி வந்த அம்பாசடர்ல குழாய் ஷாக்கு. அல்லிநகரத்துக் காயலான் கடையில அப்படி ஒண்ணு கெடக்கு. அதுல பிடிமானத்தை மட்டும் கழட்டிட்டு வந்து வெல்டு வப்போம். ஷாக்கும் ரப்பர் புஷ்ஷும் புதுசு போட்டுரலாம். கையக் கடிக்காது."

"நல்லா ஓடுமா?"

"ஓடுறதுக்கு இஞ்சின் இருக்குண்ணே. இது குதிக்காம இருக்கும்."

பரீட்சை நாளில் ஜோதி ஒரு டிரேயைத் தூக்கி முன்சீட்டின் நடுவில் வைத்தாள். பழுத்த பன்னீர் திராட்சை. மூச்சுக்காற்று பட்டால் உதிரும் பதம்.

"ஒத்தை டிரேய வச்சுக்கிட்டு உருட்டிட்டுப் போறதுல என்னா இருக்கு?" என்றாள், சும்மா கேட்பதுபோல.

பாண்டியராஜனுக்குச் சுருக்கென்றது. "பின்சீட்டுலயும் ஏத்து! டிக்கியிலயும் ஏத்து! வேகமாவே போறேன்."

"வேணாங்க, காரு அழுக்காயிரும்."

"ஏத்துங்கிறேன்ல!"

அவள் சும்மா நிற்க, அவரே ஓடி ஓடி ஏற்றினார். சட்டை நனைந்துவிட்டது.

டிரேக்கு அந்தப் பக்கம் ஜோதி உட்கார்ந்திருக்க, வழியிலிருந்த பாலத்துப் பள்ளத்தில் கார் இறங்கியது. பாண்டியராஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!"

திறந்தபோது பள்ளம் பின்னால் போயிருந்தது. கார் ஒருமுறை மெல்லத் தலையாட்டிவிட்டுச் சீராக ஓடியது. டிரேயில் ஒரு பழம்கூட உதிரவில்லை.

கம்பம் மார்க்கெட்டில் வியாபாரி சீனிச்சாமி ஒவ்வொரு டிரேயாகக் குனிந்து பார்த்தார். "என்னாத்தா, இப்பத்தான் கொடியில பறிச்ச மாதிரி இருக்கு. எதுல கொண்டாந்தீக?"

"கார்ல!" என்று பாண்டியராஜன் முந்திக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தடவை சொன்னார்.

ஜோதிலட்சுமி காரைச் சுற்றி வந்தாள். பானெட்டைத் தடவிக் கொடுத்தாள்.

"செயிச்சுட்டீக," என்றாள். "இனிமே இதை விக்கச் சொல்ல மாட்டேன்."

கல்யாணமானதிலிருந்து 'செயிச்சுட்டீக' என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. அன்றைக்கே பரோட்டாக் கடைக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"லோடு வண்டியும் வேணாங்க," என்றாள் ஜோதி. "அந்தப் பின்சீட்டை மட்டும் கழட்டிருங்க, காலையில இன்னும் ரெண்டு வரிசை ஏத்தலாம்."