நாகம்மாளுக்கு வாய்க்கரிசி

பிரிக்பீல்ட்ஸில் அந்த வருஷம் கடவுள் ஒரு கூடைக்குள் குடியிருந்தாள். பெயர் நாகம்மாள். இனம் நல்ல பாம்பு. பெற்ற பிள்ளையாக அவளை வளர்த்து வந்தவர் ஸ்ரீலஸ்ரீ நாகானந்த சுவாமிகள். கிள்ளான் பக்கம் ஒரு கிடங்கில் அரிசி மூட்டை தைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு வெறும் நாகையா என்றுதான் பெயர். ஞானம் வந்ததும் பெயர் நீண்டது, வேலை சுருங்கியது.

வெள்ளிக்கிழமையானால் செந்தூலிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் ஜனம் திரண்டு வரும். பிள்ளை இல்லாதவர்கள், ரப்பர் விலை விழுந்ததில் வேலை போனவர்கள், நோயாளிகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு செம்பு பால். கூடையைத் திறந்து நாகம்மாள் படமெடுப்பதைக் காட்டிவிட்டு, சுவாமிகள் பாலையும் அவளையும் திரைக்குப் பின்னால் கொண்டுபோவார். செம்பு காலியாக வெளியே வரும்.

"ஆத்தா குடிச்சிட்டா!" என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

குடித்ததை யாரும் பார்த்ததில்லை. பார்த்தால் கண் போய்விடும் என்று சுவாமிகள் எச்சரித்திருந்தார். இருக்கும் கண்ணையே உபயோகிக்காதவர்களுக்கு அது போனால் என்ன நஷ்டம்?

மாரியாயிக்கும் இதில் லாபம் இருந்தது. அதை மறைப்பானேன்? ரயில்வே கூலிகள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒற்றைப் பசுவை வைத்துப் பால் விற்றவள் அவள். புருஷன் ரயில் பெட்டிக்கடியில் சிக்கிச் செத்த பிறகு, அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டது அந்த வெள்ளச்சிதான். பக்தர்கள் அவளிடம்தான் பால் வாங்கினார்கள். பாம்பு பால் குடிக்குமா என்று அவளும் கேட்டதில்லை. விற்கிறவள் எதற்குக் கேட்கிறாள்?

திடீரென்று ஒருநாள் நாகம்மாள் படமெடுக்கவில்லை. தட்டினாலும் அறுந்த கயிறாகக் கிடந்தாள். வாய் வீங்கியிருந்தது. சுவாமிகள் அவள் முகமெல்லாம் மஞ்சளை அப்பி, "ஆத்தாளுக்குத் திருஷ்டி!" என்றார். திருஷ்டி கழிக்க வெள்ளிக் கண்மலர் வந்தது, பட்டு வந்தது, பால் வெள்ளமாக வந்தது. அதே லயத்தில் காய்ச்சலில் கிடந்த குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்ற நாதியில்லை. அடுத்த வெள்ளிக்குள் நாகம்மாள் செத்தே போனாள்.

பிள்ளை வரம் தருகிறவள் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவில்லையே என்று யாராவது கேட்பதற்குள் சுவாமிகள் முந்திக்கொண்டு சாமியாடினார். "தாலி அறுத்தவ கறந்த பால்! அந்தத் தீட்டுதான் என் புள்ளையைக் கொன்னுடுச்சு! அவ பசுவை எனக்குத் தானமா கொடுக்கணும். இல்லேன்னா இந்த லயத்துல ஒரு புள்ள தங்காது!"

நேற்றுவரை அதே கை, அதே மடி, அதே பால். நேற்றுவரை இல்லாத தீட்டு பாம்பு செத்ததும் முளைத்துவிட்டது.

ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பழனியப்பன் பத்துப் பேரோடு மாரியாயி வாசலில் வந்து நின்றார்.

"பசுவை அவுத்துக் கொடுத்துடு மாரியாயி. லயத்துல புள்ளைங்க இருக்கு."

"எனக்கும் ரெண்டு இருக்குங்க கிராணி ஐயா. பசு போனா அதுங்க வாயில என்னத்தப் போடுவேன்?"

"அது உன் பாவம்."

தினமும் அவள் பாலைக் குடித்தவன் ஒருவன் கயிற்றில் கை வைத்தான். மாரியாயி கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "அடக்கம் முடியட்டும். என் மேல குத்தம்னா நானே அவுத்துத் தரேன்" என்றாள்.

அடக்கம் தடபுடலாக நடந்தது. மனிதருக்குச் செய்யும் சடங்கு எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பது சுவாமிகள் உத்தரவு. சடங்குக்குச் சடங்கு தட்டு சுற்றுமல்லவா? பந்தல், பறை, பூப்பாடை, பெண்கள் ஒப்பாரி. வாய்க்கரிசி நேரம் வந்ததும், "ஆத்தா திருவடியில போட்டாப் போதும்" என்றார். பாம்புக்கு ஏது அடி என்று ஒருவரும் கேட்கவில்லை. வால் பக்கமாக அரிசியைப் போட்டுக் கும்பிட்டு நகர்ந்தார்கள்.

மாரியாயி நகரவில்லை.

"கொன்னவ நான்தானேங்க சாமி? என் கையால வாயில போட்டாத்தானே என் பாவம் தீரும்?"

"தொடாதே! தீட்டு!"

"எழவு வீட்டுல ஏதுங்க புதுத் தீட்டு?"

"அது நியாயம்தான் சாமி" என்றார் பறையடித்த பக்கிரிசாமி. "வாய்க்கரிசின்னா வாயிலதான் போடணும். எங்க சனத்துல காலுல போடுற வழக்கமே கிடையாது." கூட்டமும் ஆமாம் போட்டது. அறிவுக்கு மசியாத ஜனம் வழக்கத்துக்கு மசியும்.

மாரியாயி குந்தினாள். மருந்து குடிக்க மறுக்கும் கன்றின் வாயைத் திறப்பதுபோலத் தாடையை இரண்டு விரலால் அழுத்தினாள். திறக்கவில்லை. முந்தானையால் மஞ்சளைத் துடைத்தாள். அடியில் சணல் தெரிந்தது. மேல் உதடும் கீழ் உதடும் சேர்த்து இறுகத் தைத்திருந்தது. தைத்த இடமெல்லாம் சீழ். நல்ல பழகிய கை. அரிசி மூட்டைக்குப் போடும் அதே தையல். மடியில் வைத்துக் கொஞ்சிய கடவுளின் பல்லுக்குச் சுவாமிகளே பயந்திருக்கிறார்!

"எல்லாரும் வந்து பாருங்க! வாயைத் தைச்சிருக்கான்! நாம ஊத்துன பால் எந்த வழியாப் போச்சு? வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுக் கொன்னவன் இவன். பழி எனக்கா?"

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முனைக்கடை கௌஸ் முன்னால் வந்தார். "எந்தப் பால்? வெள்ளிக்கிழமை தவறாம சாமியோட சிஷ்யன் கொண்டாந்து என் கடையில விக்கிறானே, அதுவா? சாமி மாடு வளக்குறாருன்னுல்ல நெனச்சேன்!"

தரிசனம் முடிந்ததும் பக்தகோடிகள் கௌஸ் கடையில்தான் தேத்தண்ணி குடிப்பார்கள். ஆத்தாளுக்கு ஊற்றிய பாலையே காசு கொடுத்துத் திரும்பக் குடித்திருக்கிறார்கள்.

எல்லாரும் சுவாமிகளைத் தேடினார்கள். காவியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தோரம் ஓடிக்கொண்டிருந்தது நாகையா.

கிராணி தொண்டையைச் செருமினார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு மாரியாயி."

"அப்பவே வாயைத் திறந்திருக்கலாமே ஐயா. பசுவை அவுக்க வந்தப்பவாவது திறந்திருக்கலாமே!"

கையிலிருந்த அரிசியை மடியில் முடிந்துகொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். கறக்கும் நேரமாகிவிட்டது.

பாம்பின் வாயைத் தைக்க நாகையாவுக்குக் கொஞ்சம் சணல் தேவைப்பட்டது. நம் ஜனங்களின் வாயைத் தைக்க அதுகூடத் தேவைப்படவில்லை.